டேபுலா ராசா: எழுதாத பலகையா, துடைத்த பலகையா?

அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் நடக்கும் கொள்கை விவாதப் போட்டியில், நடுவர் தம் அணுகுமுறையை அறிவிக்கும்போது பயன்படுத்தும் சொற்களுள் ஒன்று ‘டேபுலா ராசா’. வழக்கில் அதைச் சுருக்கி ‘டேப்’ என்பார்கள். இருவர் கொண்ட இரண்டு அணிகள் ஒரு தீர்மானத்தின் மீது மொத்தம் எட்டு உரைகள் ஆற்றும் இப்போட்டியில், தம் சொந்தக் கருத்தையும் அறிவையும் ஒதுக்கிவைத்து, அணிகள் சொன்னதை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க முயலும் நடுவரை அச்சொல் குறிக்கிறது.

இது இலத்தீன் தொடர். ‘டேபுலா’ என்றால் பலகை. ‘ராசா’ என்றால் சுரண்டப்பட்டது, மழிக்கப்பட்டது. சவரக்கத்தியைக் குறிக்கும் ‘ரேசர்’, அழிப்பானைக் குறிக்கும் ‘இரேசர்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவை. உரோமர்கள் மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியின் கூர்முனையால் எழுதி, அதன் தட்டை முனையால் மெழுகைத் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். பிற்காலத்தில் மெய்யியலார் பிறந்த குழந்தையின் மனத்துக்கு இதை உவமையாக்கியதால், எதுவுமே எழுதப்படாதது என்ற பொருள் முன்னுக்கு வந்து, அழிக்கப்பட்டது என்ற மூலப்பொருள் பின்னுக்குப் போயிற்று. விவாத நடுவருக்குப் பொருந்துவது அந்த மூலப்பொருள்தான் என்பது என் துணிபு.

கடலோர ஊரான மண்டபத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் நடுவராக அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை நீட்டிக்க வேண்டும் என்பது தீர்மானம். தடைக்காலத்தில் நாட்டுப்படகு உட்பட எந்தப் படகும் கடலுக்குப் போக முடியாது, ஆகவே அதை நீட்டித்தால் கரையோரக் குடும்பங்கள் எல்லாமே வருமானம் இழக்கும் என்று எதிரணி வாதிடுகிறது. தடை விசைப்படகுகளுக்கு மட்டுமே என்பதும், அந்த நாள்களிலும் நாட்டுப்படகுகள் மீன் கொண்டுவருகின்றன என்பதும் நடுவருக்குத் தெரியும். ஆனால் ஆதரவு அணி கடைசி உரைவரை அதை எடுத்துச் சொல்லவில்லை.

நடுவரின் தாளில் ஒவ்வோர் உரைக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி இருக்கும். ஒரு வாதமும் அதற்கான மறுமொழியும் அடுத்தடுத்த பத்திகளில் ஒரே வரிசையில் எழுதப்படும். எதிரணியின் அந்த வாதத்துக்கு நேரே ஆதரவு அணியின் பத்திகள் வெறுமையாக இருக்கின்றன. மறுக்கப்படாத வாதம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்ற நெறிப்படி, துடைத்த பலகையாக அமர்ந்திருக்கும் நடுவர் அதை அந்தச் சுற்றுக்கு மட்டும் மெய்யாகக் கொள்கிறார். அதன் பிறகு, விளைவு எவ்வளவு பெரியது, நிகழ எவ்வளவு வாய்ப்புண்டு, எவ்வளவு விரைவில் நிகழும் என்று அணிகளே கொடுத்த அளவுகோல்களைக் கொண்டு இரு பக்கத்தையும் ஒப்பிடுகிறார். தீர்ப்பு எழுதியபின், “தம்பி, நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அதை நீங்கதான் சொல்லியிருக்கணும், உங்களுக்காக நான் சொல்லக் கூடாது” என்று அவர் தாராளமாகச் சொல்லலாம்.

எல்லா நடுவரும் இப்படி நடப்பதில்லை. தம்மைச் சட்டமன்ற உறுப்பினராகக் கருதிக்கொண்டு திட்டத்தின் நன்மை தீமைகளை எடைபோடுபவர் உண்டு. தீர்மானத்துக்குரிய அடிப்படைக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஆதரவு அணி விடை சொல்லிவிட்டதா என்று பார்ப்பவரும் உண்டு. பலகையை முழுவதும் துடைத்துவிட முடியும் என்றும் நான் கருதவில்லை, ஏனெனில் காரணம் காட்டாத கூற்று வாதமாகாது என்ற அளவிலாவது ஒரு முன்முடிவு நடுவரிடம் இருந்தே தீரும்.

தமிழில் ‘நடுவர்’ என்ற சொல்லே போதாதா என்று கேட்கலாம். அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது; அங்கே இருப்பவர் தம் அறிவை என்ன செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை. திருக்குறளின் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வரும் ‘உட்கோட்டம்’ என்ற அருமையான சொல் மனத்தின் சாய்வைக் குறிக்கிறது. ஆனால் மண்டபத்து நடுவர் ஒதுக்கிவைத்தது சாய்வை அன்று, உண்மையான ஒரு செய்தியை. ஆகவே ‘உட்கோட்டமின்மை’ இதற்கு நெருங்கி வந்தாலும் முழுதும் ஈடாகாது.

தொண்டிக் கரையில் ஒரு பெரியவர், திண்ணைப் பள்ளியில் தாம் மணலில் எழுதிப் பழகிய விதத்தை எனக்குச் செய்து காட்டினார். விரலால் ‘அ’ எழுதினார், புறங்கையால் நிரவினார், அதே இடத்தில் ‘ஆ’ எழுதினார். நிரவிய இடத்தில் அடிமணலின் ஈரம் மேலே வந்து, சுற்றியிருந்த மணலைவிடச் சற்றுக் கறுத்துத் தெரிந்தது. எழுத்து அழிந்தது, எழுதியிருந்த இடம் மறையவில்லை.

‘எழுதாத பலகை’, ‘வெற்றுப்பலகை’ ஆகியவை நடுவரை ஒன்றும் அறியாதவராக்கிவிடுகின்றன. அறிந்ததை ஒரு சுற்றுக்கு மட்டும் தாமே அழித்துவைப்பவர் என்ற பொருளை முழுமையாகத் தருவது ‘துடைத்த பலகை’. “இன்றைய சுற்றில் நான் துடைத்த பலகை, நீங்கள் சொல்லாத எதுவும் என் தாளில் ஏறாது” என்று ஒரு நடுவர் தொடங்கும்போது சொன்னால், தமிழ் மாணவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.