கலுங்கு 40 மீட்டரா, 50 மீட்டரா? கண்மாயின் வெள்ளக் கணக்கைக் கேட்டு வாங்கலாம்

கண்மாய் நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கை இடித்துக் கட்டும்போது அதன் நீளத்தை முக்கியமாக முடிவு செய்வது ஒரே எண்தான்: உச்ச வெள்ளம் விநாடிக்கு எத்தனை கனமீட்டர். ராமநாதபுரம் கடலோரத்து வரத்துக் கால்களில் பெரும்பாலும் ஓட்டத்தை அளப்பதில்லை. எனவே அந்த எண் அளந்ததல்ல, கணித்தது.

கணிக்கும் வழி ரைவ்ஸ் சூத்திரம். சதுர கி.மீ.யில் உள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை (2/3 படியை) கெழு என்னும், இடத்துக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். கடலிலிருந்து 80 கி.மீ.க்குள் கெழு 6.8, அதைத் தாண்டினால் 8.5. பரப்பு 10 சதுர கி.மீ. என்றால் 6.8க்கு 31.6 கனமீட்டர், 8.5க்கு 39.5. கலுங்கின் மேல் 0.6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போக விட்டால் முதலாவதற்கு 40 மீட்டர் நீளம் வேண்டும், இரண்டாவதற்கு 50. 40 மீட்டர் கலுங்கைக் கட்டிவிட்டு விநாடிக்கு 39.5 கனமீட்டர் வந்தால் தண்ணீர் இன்னும் 10 செ.மீ. ஏறும், அது கரையின் காப்பு உயரத்தை, அதாவது வெள்ள மட்டத்துக்கு மேல் கரையில் விட்டுவைக்கும் உயரத்தைத் தின்னும்.

பரப்பிலும் இதே சிக்கல்தான். தட்டையான நிலத்தில் நில வரைபடத்தின் சமவுயரக் கோடுகளை வைத்து எல்லை பிரிக்க முடியாது. சாலை மேடும் ரயில் மேடும் தண்ணீரைத் திருப்பிவிடும். 10 சதுர கி.மீ.யை 14 என்று எடுத்தால் கெழு மாறாமலே 39.5 வந்துவிடும்.

மேல் கண்மாய் தடுத்து வைக்கும் வெள்ளத்துக்கும் கழிவு உண்டு. அதன் பரப்புக்கும் இதே சூத்திரத்தைப் போட்டுக் கழிப்பார்கள்; அதற்கான கெழு முதல் கெழுவில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. மேல் கண்மாய் உடைந்தால் கழித்ததெல்லாம் கூட்டாகிவிடும். சங்கிலிக் கண்மாய்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை போவது இதனால்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, சூத்திரத்தில் மழையே இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அருகிலுள்ள பாம்பனில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. கணினியில் ஓட்டும் வெள்ள மாதிரி மழையை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒப்பிட்டுத் திருத்த அளந்த ஓட்டம் இல்லாவிட்டால் அதுவும் ஊகமே.

சிறுபாலம் என்றால் இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 13 வழிகாட்டியைப் பாருங்கள். பல முறைகளில் கணித்துப் பெரியதை எடுக்கச் சொல்கிறது. அது அடுத்ததைவிட 50 சதவீதத்துக்கு மேல் கூடினால் அடுத்ததன் ஒன்றரை மடங்கோடு நிறுத்தச் சொல்கிறது.

கணக்கைப் பார்க்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறைக்கு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும்; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் சின்னதாகக் கட்டினீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணம்தான் கேட்க வேண்டும். நீர்ப்பிடிப்பு வரைபடம், கெழு, மேல் கண்மாய்க் கழிவு, கலுங்கு நீளக் கணக்கு ஆகியவற்றின் நகல் என்று தனித்தனியாக எழுதுங்கள். கடலுக்கு அருகே என்றால், வெளியேறும் இடத்தில் கடல் ஓதத்தின் (அலை ஏற்ற இறக்கத்தின்) எந்த மட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதற்கான பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.