பிள்ளைகளின் சிறுநீர்த் தொந்தரவும் அந்தப் பத்துக் கேள்விகளும்

பகலில் ஜட்டி நனைவது, பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பாத்ரூமுக்கு ஓடுவது, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். இப்படிப்பட்ட தொந்தரவுகளோடு திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கமிருந்து பிள்ளைகள் எங்களிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களைச் சலித்தெடுக்க நல்ல கேள்வித்தாள் ஒன்று உண்டு. 2000-இல் கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. மதிப்பெண் கூடக்கூடத் தொந்தரவு அதிகம் என்று பொருள். பெண் பிள்ளைக்கு 6, ஆண் பிள்ளைக்கு 9 என்பது அங்கே கண்டறிந்த எல்லை.

அந்த 6-உம் 9-உம் அந்த ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து வந்தவை. கேள்விகளைத் தமிழாக்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதே எண்களை வைத்து நம் பிள்ளைக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்வது சரியில்லை.

ஒரு கேள்வியைப் பாருங்கள். காலைப் பின்னியோ, குத்தவைத்து உட்கார்ந்தோ சிறுநீரை அடக்குகிறாயா என்று கேட்கிறது. அங்கே குத்தவைப்பது அடக்குவதற்கான அடையாளம். இங்கே பெண் பிள்ளைகள் ஒன்றுக்குப் போவதே குத்தவைத்துத்தான். கேள்வியை அவசரமாகப் படிக்கிற அம்மா ‘எப்போதும்’ என்று குறித்தால், நன்றாக இருக்கும் பிள்ளைக்கு 3 மதிப்பெண் ஏறிவிடும். குதிகாலை அடியில் கொடுத்து அழுத்தி உட்காருவதைப் படமாகக் காட்டினால் குழப்பம் தீரும்.

அப்புறம், பதில் சொல்வது யார்? பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் அம்மா வரமுடியாமல் அமுச்சி (பாட்டி) கூட்டிவருவார். “பள்ளிக்கொடத்துல எத்தன தடவ போறாள்னு எனக்கெப்படிங்க தெரியும்?” என்பார். நியாயமான பதில். பிள்ளையைத் தனியே கேட்டால்தான், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது, அதனால் காலையிலிருந்து சாயந்திரம்வரை அடக்கிக்கொள்கிறாள் என்பது வெளியே வரும். ஒரு நாளைக்கு நாலிலிருந்து ஏழு தடவை போவதுதான் வழக்கமான அளவு. எரிச்சலைப் பற்றிக் கேட்டாலோ, “அது சூட்டுக்குத்தானுங்க” என்று தள்ளிவிடுவார்கள்.

மலச்சிக்கல் கேள்விகளும் இப்படித்தான். தினமும் போகிறான் என்பார்கள். ஆட்டுப்புழுக்கை மாதிரி வருகிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். மலக்குடல் நிறைந்திருந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். மலச்சிக்கலைச் சரிசெய்தாலே பல பிள்ளைகளுக்கு ஜட்டி நனைவது குறைந்துவிடுகிறது.

இந்தக் கேள்வித்தாளை முறைப்படி நம் பிள்ளைகளுக்கு ஏற்றதாக்க வேண்டுமென்றால், இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். அதையும் மூலத்தையும் ஒப்பிட்டுத் திருத்திய பிறகு, சில பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான். கோவை நகரத்துப் பிள்ளையும் கோபி பக்கத்துப் பிள்ளையும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளையும் இதில் இருக்க வேண்டும். பிறகு தொந்தரவு உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பிடமும் கொடுத்து நமக்கான எல்லையைக் கண்டுபிடிக்கலாம். சிகிச்சை தொடங்கும் முன் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டு, பதில் மாறாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறை மாதத்தில் இதைச் செய்யவே கூடாது. கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. வீட்டிலிருக்கும் பிள்ளை அடக்குவதில்லை.

அதுவரை படிவத்தைப் பேச்சைத் தொடங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் இரண்டு நாள் பிள்ளை குடிப்பதையும் போவதையும் ஒரு அளவுக் குவளையால் அளந்து எழுதிக்கொண்டு வந்தால் பெரிய உதவி. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், அந்த வயதுக்குச் சிறுநீர்ப்பை தோராயமாக எத்தனை மில்லி கொள்ளும் என்பது கிடைக்கும். ஏழு வயதுக்கு 240. காய்ச்சலோடு எரிச்சல், விடாமல் சொட்டுவது, தாகம் அதிகமாகி உடம்பு இளைப்பது, இவற்றில் எது இருந்தாலும் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிவாருங்கள்.