உப்பைத் தேடி ஓடிய எலிகள்: திடீர் ஆசை பிறக்கும் விதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். திடீரென எழும் ஆசையைக் குறிக்க ஆங்கிலத்தில் கிரேவிங், அர்ஜ், இம்பல்ஸ், விம் எனப் பல சொற்கள் உள்ளன. இவை எழுத்தாளர்களின் வசதிக்காக ஏற்பட்டவைதானா, மூளைக்குள்ளும் இவை வெவ்வேறு நிகழ்ச்சிகளா என்பது அவருடைய ஐயம். மதியம் வயிறாரச் சாப்பிட்ட பிறகும், மாலையில் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டியைக் கண்டால் கால் தானாக நின்றுவிடுகிறதே, அது இவற்றில் எது என்றும் கேட்டிருக்கிறார். தட்டுவடைக்கு முன்னால் அவருக்கு ஏற்படுவது கிரேவிங். அதன் இயக்கத்தை விளங்கிக்கொண்டால் மற்ற மூன்றும் எங்கே விலகுகின்றன என்பது எளிதில் புலப்படும்.

பசியைப் பற்றிப் பள்ளியில் படித்தது இங்கே அதிகம் உதவாது. வயிறு காலியாகும்போது கிரெலின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து நம்மை உணவின் பக்கம் திருப்புகிறது. சாப்பிட்டதும் எல்லாம் அடங்குகிறது. வயிறு நிறைந்த பின்பும் எழும் ஆசையை இது விளக்குவதில்லை. அதற்கான தடயம் 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும் எலியின் மூளையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மின்முனையைப் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் அங்கே மெல்லிய மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தபோது, எலிகள் அந்த நெம்புகோலை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. மூளையின் இன்ப மையம் அகப்பட்டுவிட்டது என்று பலரும் கருதினர். அந்த இடத்தோடு தொடர்புடைய நரம்புப் பாதையில் பெரிதும் பங்கேற்கும், நரம்புச்செல்களிடையே செய்தி கடத்தும் டோபமினுக்கு ‘இன்பம் தரும் வேதிப்பொருள்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயர் தவறு என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் 1980-களின் இறுதியிலிருந்து பொறுமையாக நிறுவி வந்திருக்கிறார். டோபமின் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிச் செல்வதில்லை. புகட்டாமல் விட்டால் பட்டினியால் இறந்துவிடும். ஆனால் அவற்றின் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டால், நலமான எலிகளைப் போலவே நாக்கை நீட்டிச் சுவைக்கின்றன. சுவைத்து மகிழ்வதும் வேண்டுமென்று தேடுவதும் மூளையில் இருவேறு அமைப்புகளின் வேலை என்பதும், டோபமின் முக்கியமாக இரண்டாவதைச் சேர்ந்தது என்பதும் இதனால் தெளிவாயின.

இதே ஆய்வகத்திலிருந்து 2013-இல் வெளிவந்த ஒரு சோதனையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கூண்டின் சுவரிலிருந்து ஒரு சிறு நெம்புகோல் வெளியே நீள்கிறது, கூடவே ஓர் ஒலி எழுகிறது, அடுத்து எலியின் வாய்க்குள் மெல்லிய குழாய் வழியே சர்க்கரைக் கரைசல் வருகிறது. வேறொரு நெம்புகோல் வேறோர் ஒலியுடன் நீளும்போது வருவது, கடல்நீரைவிடவும் மிகக் கரிப்பான உப்புக் கரைசல். சில நாட்களில் எலிகள் பாடம் கற்றுக்கொண்டன. சர்க்கரை நெம்புகோல் நீண்டதும் ஓடிவந்து அதை முகர்ந்து கடித்தன; உப்பு நெம்புகோல் நீண்டதும், அதைத் தொட்டால்கூட ஆகாது என்பதுபோல் எதிர்ச்சுவரோரம் ஒதுங்கின. பிறகு ஊசிமருந்தின் வழியாக அவற்றின் உடலிலிருந்த சோடியத்தை வெளியேற்றினார்கள். அந்த எலிகள் தம் வாழ்நாளில் அதுவரை உப்புக் குறைபாட்டை அறிந்தவை அல்ல, உப்பு இனித்த அனுபவமும் அவற்றுக்கு இல்லை. மறுநாள் உப்பு நெம்புகோல் நீண்டது. நேற்றுவரை விலகி ஓடிய அதே எலிகள் முதல் முறையிலேயே அதை நோக்கிப் பாய்ந்து, முகர்ந்து, ஆவலோடு கடித்தன. அப்போது ஒரு துளி உப்பும் அவற்றின் நாக்கில் பட்டிருக்கவில்லை. நெம்புகோலும் உப்புப் பசியும் ஒருங்கே வாய்த்த அந்த நிலையில், நடுமூளையிலிருந்து கிளம்பும் டோபமின் பாதையும் அது சென்று சேரும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற மூளைப்பகுதியும் முனைப்பாக இயங்கியிருந்தன.

இதன் பொருளை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. முன்னர் சுவைத்ததன் நினைவு மட்டுமே ஆசையாக மாறுவதாயின், அந்த எலிகளிடம் இருந்தது வெறுப்பின் நினைவு மட்டுமே. ஆகவே ஆசை என்பது பழைய கணக்கை எடுத்து வாசிப்பதன்று. கண்முன் உள்ள குறியீட்டையும் உடலின் அந்நேரத்து நிலையையும் சேர்த்து, மூளை அந்தக் கணத்தில் புதிதாகப் போடும் கணக்கு. தட்டுவடை வண்டியில் நெம்புகோலின் இடத்தில் இருப்பவை வேறு: தட்டுவடையின்மேல் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட்டையும் வெங்காயத்தையும் அள்ளி வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடும் கையின் வேகம்; பக்கத்தில் நொறுக்கலுக்காகத் தட்டுவடையை உடைக்கும் சத்தம். வயிறு நிறைந்திருப்பது கணக்கின் ஒரு பகுதியைத்தான் குறைக்கும். தூக்கக் குறைவும் மனவுளைச்சலும் மறுபுறம் கூட்டிவிடும். சேலத்து வெயிலில் மிளகாய் பஜ்ஜியைத் திரும்பியும் பார்க்காத ஒருவர், ஏற்காட்டு ஏரிக்கரையின் குளிரில் அதே பஜ்ஜிக்குத் தவிப்பதும் இப்படித்தான்.

எலிக்கு உப்புத் தண்ணீர் புகட்டிப் பார்ப்பதற்கு எதற்கு நிதி என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உண்டு. போதைப்பழக்கத்தை விட்டவர், பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தெருமுனையைக் கண்டு தடுமாறுவது ஏன் என்ற கேள்விக்குப் பிடிமானம் தந்தவை இத்தகைய ஆய்வுகளே. உடனடிப் பயனைக் காட்டாத அடிப்படை ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உடலின் குறைபாடு எப்போதும் சரியான பொருளையே கேட்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. இரும்புச்சத்து குறைந்தவர்களில் சிலர் மண், சாம்பல், பலப்பம், பச்சரிசி, பனிக்கட்டி என்று தேடித் தின்கிறார்கள். பனிக்கட்டியில் இரும்பே கிடையாது. மற்றவற்றால் அந்தக் குறை தீர்வதும் இல்லை. பச்சரிசி தின்னும் பெண்ணிடம் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு விடுகிறோம். மசக்கையில் புளிப்புக் கேட்டால் ஆண், இனிப்புக் கேட்டால் பெண் என்று சோதிடமும் சொல்கிறோம். அந்த நேரத்தில் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் அளவைப் பார்த்திருந்தால், இரும்பு மாத்திரையிலேயே தீரக்கூடிய துன்பம் அது.

இனி மற்ற சொற்கள். அர்ஜ் என்பதில் உடலின் குரலே ஓங்கியிருக்கிறது: தும்மல், அரிப்பு, சிகரெட்டுக்காக நெஞ்சு இழுப்பது. உடலின் உள்நிலையை உணரும் இன்சுலா என்ற மூளைப்பகுதிக்கு இதில் பெரிய பங்குண்டு. பக்கவாதம் முதலியவற்றால் இன்சுலா பழுதுபட்ட புகைப்பழக்கத்தினர் சிலருக்கு, புகைக்கும் உந்துதலே அற்றுப்போய் அப்பழக்கம் எளிதில் விட்டுப்போனது என்று 2007-இல் நக்வி, பெசாரா உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விம் என்பது காரணம் தேடாத மன விருப்பம்; அதற்கென்று தனியான மூளைச்சுற்று எதையும் சுட்ட முடியாது.

இம்பல்ஸ் ஆசையின் வலிமையைக் காட்டிலும் தடையின் வலிமையைப் பொறுத்தது. எழுந்த விருப்பம் செயலாகும் முன் அதை நிறுத்திவைக்கும் வேலையை, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையும் அதனோடு இணைந்த ஆழ்பகுதிகளும் செய்கின்றன. தடை தளர்ந்தால் சிறிய ஆசையும் செயலாகிவிடும். ஆசை அளவுமீறினால் நல்ல தடையும் போதாது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் டோபமினைப் போலவே செயல்படும் ஒரு வகை உண்டு. பிரமிபெக்சோல் அவற்றுள் ஒன்று. அதை உட்கொள்வோரில் ஒரு பகுதியினருக்கு, வாழ்நாளெல்லாம் சிக்கனமாக இருந்தவர்களுக்குக்கூட, சூதாட்டம், கண்டதையும் வாங்குவது, அளவின்றி உண்பது போன்ற அடக்கமுடியாத நடத்தைகள் தோன்றுகின்றன. வீட்டில் பெரியவர் ஒருவர் இம்மருந்தைத் தொடங்கிய பின் அவருடைய போக்கு இவ்வாறு மாறினால், குணம் கெட்டுவிட்டது என்று அவரைக் கடிந்துகொள்ளாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ, பலருக்கு அந்த நடத்தைகள் தணிந்துவிடுகின்றன.