ஓரத்தில் நின்று மையத்தை ஆளும் மந்திரி

"செஸ் ஆட்டத்தில் மையத்தைப் பிடி என்றுதானே சொல்லித் தருகிறார்கள்? சிப்பாயை சி4க்கு நகர்த்தி ஓரமாகத் தொடங்கியவர் என்னை எப்படி ஜெயித்தார்?" மாவட்டப் பள்ளிப் போட்டி முடிந்த கையோடு சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஐந்தாம் படிவ மாணவர் கேட்டிருக்கிறார்.

மையம் என்பது பலகையின் நடுவில் உள்ள டி4, டி5, ஈ4, ஈ5 கட்டங்கள் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் கிடை வரிசை). அங்கே சிப்பாயை உட்கார வைக்கலாம்; தூர நின்று குறிவைக்கவும் செய்யலாம். 1924இல் நியூயார்க்கில், எட்டு ஆண்டுகளாகத் தோற்காதிருந்த அன்றைய உலக சாம்பியன் கபாபிளாங்காவை ரிச்சர்ட் ரெட்டி என்ற ஐரோப்பிய ஆட்டக்காரர் வீழ்த்தியது இந்த இரண்டாம் வழியில்தான்.

ரகசியம் மூலைவிட்டமாகச் செல்லும் மந்திரியின் (பிஷப்) நடையில் இருக்கிறது. காலிப் பலகையில் ஈ4இல் நிற்கும் குதிரைக்குப் போக 8 கட்டம், மூலையில் வெறும் 2. மந்திரிக்கு ஈ4இல் 13. ஜி2க்கு ஒதுங்கினாலும் 9 மிஞ்சும்! அதில் 7 கட்டம் எச்1–ஏ8 மூலைவிட்டத்தில். ஈ4, டி5 இரண்டும் அதே கோட்டில். செம்பனை நிரையின் தலைமாட்டில் நிற்பவருக்குக் கடைசி மரம்வரை தெரிவதுபோல.

பலகையில் வைத்துப் பாருங்கள், நாம் வெள்ளை, இருவரும் மாறி மாறி ஆடுகிறோம்: சி4, ஈ5, குதிரை சி3, குதிரை எஃப்6, ஜி3, டி5, சிப்பாய் டி5இல் வெட்ட, கறுப்புக் குதிரை திருப்பி வெட்டும், மந்திரி ஜி2. இப்போது அந்தக் குதிரையை நம் குதிரை, மந்திரி இருவரும் தாக்குகிறார்கள், காப்பது ராணி மட்டும். கறுப்பு அசட்டையாக இன்னொரு குதிரையை சி6க்குக் கொண்டுவந்தால் ஒரு காய் போச்சு: நம் குதிரை டி5இல் வெட்டும், ராணி திருப்பி வெட்டினால் ராணியையே மந்திரி தூக்கிவிடும். அதனால்தான் பலரும் குதிரையை பி6க்குப் பின்வாங்குகிறார்கள். பின்வாங்காமல் அது சி3இல் நம் குதிரையை வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள்; யானை பி1க்கு வந்து மந்திரியோடு சேர்ந்து பி7ஐ நெருக்கும். டி சிப்பாயால் வெட்டினால் ராணிகள் மாறி, கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும்) நம் உரிமை பறிபோகும்.

இதையெல்லாம் யூடியூபில் மனப்பாடம் செய்தால் ஆறாவது நகர்வில் கை நின்றுவிடும்.

அவசரத்தில் ஈ4 தள்ளினால் சொந்தச் சிப்பாயே மந்திரியின் மூலைவிட்டத்தை மறிக்கும். கோட்டை கட்டியபின் இந்த மந்திரியை இழந்தால் எஃப்3, எச்3 ஓட்டையாகிவிடும். எதிரி ராணியை டி7இல் வைத்து, மந்திரியை எச்3க்கு அனுப்பி மாற்றப் பார்ப்பார். யானையை முன்கூட்டியே ஈ1க்கு நகர்த்தியிருந்தால், நம் மந்திரி எச்1க்கு நழுவிக்கொள்ளலாம்.