நினைவு நிலைபெறல்: கன்சாலிடேஷனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

புதிதாகப் பதிந்த நினைவு மூளையில் கெட்டிப்பட்டு நீடிக்கும் நினைவாவதை மெமரி கன்சாலிடேஷன் என்கிறார்கள். அதை 'நினைவு ஒருங்கிணைப்பு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒருங்கிணைப்பு என்றால் பலவற்றை ஒன்றாக்குவது. நாலைந்து கடனை ஒரே கடனாக மாற்றும் வங்கிக்கு அது பொருந்தும், மூளைக்குப் பொருந்தாது. 'உறுதிப்படுத்தல்' என்றால் ரயில் டிக்கெட்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சொல்லின் வேர் லத்தீன் 'சாலிடுஸ்': கெட்டியான, திண்ணிய. நினைவு பற்றி இச்சொல்லைக் கையாண்டவர்கள் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் ஆய்வு செய்த உளவியலாளர்கள் முல்லரும் பில்ட்செக்கரும், ஆண்டு 1900. பொருளற்ற அசைகளின் பட்டியலை மனப்பாடம் செய்த கையோடு இன்னொரு பட்டியலைப் படிக்கவைத்தால், முதல் பட்டியல் அதிகம் மறந்தது. சற்று இடைவெளி விட்டால் அவ்வளவு மறக்கவில்லை. படித்து முடித்த பிறகும் உள்ளே ஏதோ வேலை நடக்கிறது, அதைக் கலைக்கவும் முடிகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

வயலில் நாற்று நட்டதும் பயிராகிவிடாது. சில நாள் கழித்துத்தான் 'வேர்பிடிச்சிருச்சு' என்பார்கள். நடுவது ஒரு வேலை, வேர்பிடிப்பது வேறு வேலை. மனத்தில் பதிதல் நடவு என்றால், கன்சாலிடேஷன் வேர்பிடிப்பு. யாரும் செய்யாமல் தானே நடப்பதால் 'நிலைப்படுத்தல்' என்பதைவிட நினைவு நிலைபெறல் என்பதே சரி. நரம்பணுக்களின் இணைப்பு மட்டத்தில் இதற்குச் சில மணி நேரம் ஆகும். புது நினைவைப் பிடித்துவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸைச் சார்ந்திருந்த நினைவு, மூளையின் வெளி அடுக்கான புறணியில் ஊன்ற வாரங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட ஆகும்.

ஸ்ட்ரெஸ் இந்த வேலையைக் கெடுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், படித்த உடனே வரும் குறுகிய அழுத்தம் பெரும்பாலும் நிலைபெறலுக்கு உதவும். கலிபோர்னியாவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், படங்களைப் பார்த்த கையோடு சிலரை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, உணர்ச்சியைத் தூண்டிய படங்கள் அவர்களுக்குக் கூடுதலாக நினைவிருந்தன. சாதாரணப் படங்களில் வேறுபாடில்லை. அழுத்தம் வந்ததும் சுரக்கும் ஹார்மோன் அட்ரினலின், ரத்தத்தில் இருப்பவற்றை மூளைக்குள் எளிதில் விடாத ரத்த-மூளைத் தடுப்பை எளிதில் தாண்டாது. உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் நார்அட்ரினலின் சுரக்கிறது. மெதுவாக ஏறும் இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்டிசோல், அழுத்தம் தொடங்கி ஏறத்தாழ 20-30 நிமிடத்தில் உச்சத்துக்கு வந்து, நேரே மூளைக்குள் நுழைகிறது. இரண்டும் அமிக்டலாவில் சேரும்போது, 'இதைப் பிடித்து வை' என்ற உத்தரவு ஹிப்போகாம்பஸுக்குப் போகிறது. அதனால்தான் விபத்து மறக்காது, அன்று காலை சாப்பிட்டது மறந்துபோகும்.

நாள்பட்ட அழுத்தம் அப்படியல்ல. எலிகளைத் தினமும் 6 மணி நேரம், 21 நாள் அடைத்துவைத்தபோது ஹிப்போகாம்பஸின் சிஏ3 பகுதியில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. தூக்கம் கெடுவது தனிச் சேதம்: கார்டிசோல் தாழ்ந்திருக்கும் முன்னிரவு ஆழ்தூக்கத்தில்தான் படித்தவை நன்றாக நிலைபெறுகின்றன. விடிய விடியப் படிப்பவர் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

தேர்வறையில் மறந்து, வெளியே வந்ததும் நினைவுக்கு வருவதையும் கன்சாலிடேஷன் கணக்கில் எழுதுகிறார்கள். அது நினைவு மீட்டல் தடைபடுவது. சூரிக் ஆய்வாளர்கள் 2000-இல் உடலில் கார்டிசோலாக மாறும் கார்டிசோனை 25 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். சொற்களைப் படிக்கும் முன்போ படித்த உடனேயோ கொடுத்தபோது மறுநாள் நினைவு குறையவில்லை. சோதனைக்கு 1 மணி நேரம் முன்பு கொடுத்தபோதுதான் குறைந்தது. கர்ணனுக்குப் போர்க்களத்தில் மந்திரம் மறந்தது இந்த வகை.

எழுதும்போது இன்னொன்று: 'மன அழுத்தம்' என்று டிப்ரஷனையும் சொல்கிறோம். அதற்கு மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. இந்தத் துறையில் ஸ்ட்ரெஸுக்கு வெறும் 'அழுத்தம்' போதும், பாதி வேலை உடம்பில்தானே நடக்கிறது. பழைய நினைவை மீட்கும்போது அது மறுபடி இளகித் திரும்ப நிலைபெறுவதை, ரீகன்சாலிடேஷனை, மறு நிலைபெறல் எனலாம்.