அமெரிக்கப் போரின் கடைசிக் கடற்சமரும் பருவக்காற்றும்

மொரிஷியஸின் தலைநகரான போர்ட் லூயியின் பிளாஸ் தார்ம் சதுக்கத்தில் மாஹே தெ லபூர்தொனேயின் சிலை துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. ஜூலை மாதக் காலை வேளையில் அதன் அருகே நின்றால், மோக்கா மலைகளைத் தாண்டி இறங்கும் காற்று முதுகில் பட்டுக் கடலை நோக்கிப் போவதை உணரலாம். 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே இந்த இடத்தைத் தலைமைத் துறைமுகமாக ஆக்கியதற்கு இக்காற்றும் ஒரு காரணம். தீவின் தென்கிழக்கில் டச்சுக்காரர்கள் பயன்படுத்திய பழைய துறைமுகத்தில் காற்று வாய் வழியாக உள்ளே வீசுவதால், பாய்க்கப்பல் நுழைவது எளிது, வெளியேறுவது கடினம். வடமேற்கிலுள்ள போர்ட் லூயியிலோ காற்றே கப்பலை வெளியே அனுப்பிவைக்கும். இந்தத் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் வந்தார்கள். மொரிஷியஸில் தமிழரின் வரலாறு அவர்களோடும், அதே கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடும் தொடங்குகிறது.

1781 டிசம்பர் 7ஆம் நாள் இந்தத் துறைமுகத்திலிருந்து 11 பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்டன. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. 1778இல் பிரான்சு அமெரிக்கர்களின் பக்கம் சேர்ந்தது. அதே ஆண்டு பிரிட்டன் புதுச்சேரியைக் கைப்பற்றியது. இவ்வாறு பாஸ்டனில் மூண்ட போர் சோழமண்டலக் கரைக்கு வந்தது. படைத்தலைவர் தோர்வ் வழியிலேயே 1782 பிப்ரவரியில் இறந்துவிட, பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரென் பொறுப்பேற்றார். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு எட்வர்ட் ஹியூஸ் தலைமை தாங்கினார். ஏறத்தாழப் பதினாறு மாதங்களில் இருவரும் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பிராவிடியன் பாறை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று அந்தப் போர்க்களங்கள் எல்லாமே நமக்குத் தெரிந்த கரைகளை ஒட்டியவை. இருந்தும் அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. தமிழில் எழுதுபவர்களும் அதிகம் எழுதியதில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு. இந்தப் போரை நடத்திய பீரங்கிகளைக் காட்டிலும், அதற்கு நாள் குறித்துக் கொடுத்த காற்றே இங்கு விளக்கத் தகுந்தது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் வெப்பத்தால் காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று வடக்கு நோக்கி நகர்கிறது. பூமி சுழல்வதால், தென்னரைக்கோளத்தில் நகரும் எதுவும் தன் இடப்பக்கமாக விலகும். எனவே வடக்கு நோக்கி வரும் காற்று மேற்கே சாய்ந்து, தென்கிழக்குக் காற்றாக நம் தீவின்மேல் ஆண்டின் பெரும்பகுதியும் வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆசிய நிலப்பரப்பு கொதிக்கும்போது இந்தக் காற்று நிலநடுக்கோட்டில் நிற்பதில்லை. அதைக் கடந்து மேலே செல்கிறது. கடந்தவுடன் விலகும் திசை மாறி வலப்பக்கம் ஆகிவிடுகிறது. வடமேற்காகப் போய்க்கொண்டிருந்த காற்று வளைந்து வடகிழக்காகத் திரும்புகிறது. அதையே நாம் தென்மேற்குப் பருவக்காற்று என்கிறோம். மொரிஷியஸ் பக்கம் கரும்புத் தோகையை அசைக்கும் காற்றோட்டமும் கேரளத்தில் மழையைப் பொழியும் காற்றோட்டமும் ஒரே ஆற்றின் இரு வளைவுகள். அக்டோபரில் ஆசியா குளிரத் தொடங்கியதும் வடக்கே ஓட்டம் தலைகீழாகி, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்.

சோழமண்டலக் கரையில் இந்த மாற்றம் கப்பல்களுக்கு உயிர்ப் பிரச்சினை. சென்னை முதல் நாகப்பட்டினம் வரை அக்காலத்தில் பெரிய கப்பல் ஒதுங்கக்கூடிய துறைமுகம் ஒன்றுகூட இல்லை. அலைகள் ஓயாமல் மணலைக் கரையோடு இழுத்துச் செல்வதால், கழிமுகங்கள் தூர்ந்து, கரை நேர்க்கோடாக நீண்டு கிடக்கிறது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆட்களும் மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதில் ஆணி கிடையாது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த ஐரோப்பியப் படகு மணலில் மோதும்போது மூட்டு பிளந்துவிடும். தைத்த படகோ நெளிந்து கொடுத்து அடியைத் தாங்கும். இந்தப் படகுகளும் இவற்றைச் செலுத்திய கடலோடிகளும் இல்லாமல் எந்த ஐரோப்பியப் படையும் இந்தக் கரையில் ஒரு மூட்டை அரிசியைக்கூட இறக்கியிருக்க முடியாது.

தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அந்த மாதங்களில் கரையோரம் நங்கூரமிடுவது ஆபத்தில்லை. வாடையோ கப்பலைக் கரையை நோக்கித் தள்ளும்; அதோடு வங்கக் கடலின் புயல்களும் அந்தப் பருவத்தில்தான் பிறக்கின்றன. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய லபூர்தொனேயின் கப்பற்படையை, வெற்றி பெற்ற சில வாரங்களுக்குள், அக்டோபர் புயல் சிதறடித்தது. இன்றும் புயல் எச்சரிக்கை வந்தால் போர்ட் லூயியிலிருந்து பெரிய கப்பல்கள் ஆழ்கடலுக்குப் போய்விடுகின்றன. கரைக்கு அருகில் இருப்பதைவிடத் திறந்த கடலில் பிழைப்பது எளிது என்ற அறிவு மாறவில்லை. ஆகவே அக்டோபர் வந்தால் போரிடும் இரண்டு கடற்படைகளும் அந்தக் கரையை விட்டு விலகியாக வேண்டும். யார் எங்கே ஒதுங்குகிறார்கள், யார் முதலில் திரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டின் போர் அமையும்.

பாய்க்கப்பலின் இயல்பையும் இங்கே சொல்லவேண்டும். அக்காலப் போர்க்கப்பலின் சதுரப் பாய்கள், காற்று வரும் திசைக்குச் சுமார் 67 பாகை விலகித்தான் கப்பலைச் செலுத்தும். அதைவிட நெருங்கினால் பாய் படபடத்துக் கப்பல் நின்றுவிடும். எனவே காற்றுக்கு எதிரே உள்ள ஊருக்குப் போக வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்ந்து ஓடவேண்டும். கணக்குப் போட்டால் 100 கிலோமீட்டர் முன்னேற ஏறத்தாழ 260 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். ஓடும்போதே காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதால், உண்மையில் அதைவிடவும் அதிகமாகும்.

இந்தக் கணக்கு 1782 ஆகஸ்டில் ஒரு கோட்டையின் விதியைத் தீர்மானித்தது. சோழமண்டலக் கரைக்கு அருகே எல்லாக் காற்றிலிருந்தும் காப்பு தரும் ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான். அதை அந்த ஆண்டு ஜனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டிஷார் பிடித்திருந்தார்கள். ஜூலை 6ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு எதிரே நடந்த சமருக்குப் பின் ஹியூஸ் பழுது பார்க்கச் சென்னைக்குப் போனார். தெற்கே கடலூரில் தங்கிய சுஃப்ரென் அங்கே பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளியான மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியைச் சந்தித்துவிட்டு, ஆகஸ்ட் 1ஆம் நாள் புறப்பட்டுப் போய்த் திருகோணமலையை முற்றுகையிட்டார். ஹியூஸ் சென்னையிலிருந்து கிளம்பியது ஆகஸ்ட் 20ஆம் நாள். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். ஆனால் தென்மேற்குக் காற்று முகத்துக்கு நேரே வீச, அவர் திருகோணமலையை எட்டியபோது செப்டம்பர் 2 ஆகிவிட்டது. கோட்டை ஆகஸ்ட் இறுதியிலேயே சரணடைந்து, கொடிமரத்தில் பிரெஞ்சுக் கொடி ஏறியிருந்தது. தென்மேற்குக் காற்றின் காலத்தில் தெற்கே இருப்பவன் மேட்டில் நிற்பவனைப் போன்றவன். சுஃப்ரென் அதை உணர்ந்தே நாள் குறித்தார் என்பது என் கருத்து.

அந்த ஜூலைச் சமரிலும் காற்று தன் பங்கைச் செய்தது. காலையில் தென்மேற்கிலிருந்து வீசிய காற்றில் இரண்டு வரிசைகளும் அருகருகே ஓடிச் சுட்டுக்கொண்டிருந்தன. நண்பகலுக்குப் பின் காற்று திடீரெனத் தெற்குத் தென்கிழக்குக்கு மாறியது. வெயிலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் பிற்பகலில் கடற்காற்று எழுவது அந்தக் கரையில் அன்றாட நிகழ்ச்சி. நாகப்பட்டினத்து மீனவர் எவரைக் கேட்டாலும் அது வரும் நேரத்தைச் சொல்வார். பாய்களை வேறு கோணத்தில் கட்டியிருந்த பெரும் கப்பல்கள் சில ஒரு பக்கமும் சில மறுபக்கமும் திரும்பி, இரு வரிசைகளும் குலைந்தன. தனித்துப்போன பிரெஞ்சுக் கப்பல் செவேரின் தலைவர் சரணடைவதற்காகக் கொடியை இறக்கச் சொல்லிவிட்டார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் மறுத்துச் சண்டையைத் தொடர்ந்து கப்பலைக் காப்பாற்றினார்கள்.

தண்ணீருக்கு அடியிலும் ஒரு போட்டி நடந்தது. வெப்பமான கடலில் மரக் கப்பலின் அடியைக் கப்பற்புழு துளைக்கும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. போதாததற்குப் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். பிரிட்டிஷார் 1779 முதல் தங்கள் கப்பல்களின் அடியில் செப்புத் தகடு போர்த்தினார்கள். கடல்நீரில் சிறிது சிறிதாகக் கரையும் செம்பு உயிரினங்களை ஒட்டவிடாது. ஆனால் செம்பும் இரும்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் போலாகி இரும்பு அரிக்கப்படும். 1761இல் அலார்ம் என்ற கப்பலில் செய்த சோதனையில், தகட்டுக்கு அடியில் இரும்பைத் தொடவிடாமல் தடுத்த காகிதம் கிழியாமல் இருந்த இடத்தில் மட்டும் இரும்பு ஆணி பிழைத்திருந்தது. சுஃப்ரெனின் கப்பல்களில் சிலவற்றுக்குச் செப்புத் தகடு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. வேகம் ஒத்துப்போகாத கப்பல்களை ஒரே வரிசையில் நிறுத்துவது அவருக்கு ஓயாத தலைவலியாக இருந்தது.

1782 அக்டோபரில் ஹியூஸ், கப்பலை நீரின்றி நிறுத்தி அடியைச் செப்பனிடும் உலர்துறை உள்ள மும்பைக்குப் போனார். சுஃப்ரென் மொரிஷியஸுக்குத் திரும்பியிருந்தால் கப்பல்களைச் செப்பனிட்டிருக்கலாம். ஆனால் நேர்க்கோட்டில் 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அங்கிருந்து வடக்கே வரும்போது வாடையை எதிர்த்துக்கொண்டு வரவேண்டும். முந்தைய பயணத்துக்கு இரண்டு மாதங்கள் ஆனதை அவர் மறக்கவில்லை. அதனால் சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சேவுக்குப் போனார். அங்கிருந்து சோழமண்டலத்துக்கு வாடை அனுகூலமான காற்று. டிசம்பரில் புறப்பட்டு, ஹியூஸ் இலங்கையைச் சுற்றி வருவதற்கு வெகு முன்பே, 1783 ஜனவரியில் ஒரிசாக் கரையில் கஞ்சாமை அடைந்தார். அங்கே பிடித்த பிரிட்டிஷ் கப்பலிலிருந்துதான் ஹைதர் அலி இறந்துவிட்ட செய்தி அவருக்குத் தெரிந்தது.

கடைசிச் சமர் 1783 ஜூன் 20ஆம் நாள் கடலூருக்கு எதிரே நடந்தது. நிலத்தில் பிரெஞ்சுப் படை பிரிட்டிஷாரின் முற்றுகைக்குள் சிக்கியிருந்தது. ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரெனிடம் 15. ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டக் கரையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டு அவர் போரிட்டார். இரு பக்கமும் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. ஆனால் ஹியூஸின் மாலுமிகள் காய்கனி இல்லாமல் ஈறு வீங்கிப் பற்கள் ஆடும் ஸ்கர்வி நோயில் கிடந்தார்கள், குடிநீரும் குறைந்துவிட்டது. அவர் சென்னைக்கு விலக, கடலூருக்குக் கடல்வழி திறந்தது. ஜூன் 29ஆம் நாள் வெள்ளைக்கொடியோடு வந்த மெடியா என்ற பிரிட்டிஷ் கப்பல், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டதென்ற செய்தியைக் கொண்டுவந்தது. பிரான்சும் பிரிட்டனும் முன்னுடன்படிக்கையில் கையெழுத்திட்டது ஜனவரி 20ஆம் நாள். கடலூர்க் கடலில் மாண்டவர்கள், அதற்குச் சரியாக ஐந்து மாதங்கள் கழித்து மாண்டார்கள்.