தீர்க்கதரிசனம்: பார்வையா, வாக்கா?

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே நாள்தோறும் புழங்கும் ‘தீர்க்கதரிசனம்’ என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘தீர்க்க’ என்றால் நீண்ட. ‘தரிசனம்’ என்றால் காட்சி. நெடுந்தொலைவு பார்த்தல் என்பது இதன் நேர்ப்பொருள். வடமொழியில் ‘தீர்க்கதரிசி’ என்பவன் பின்விளைவுகளை எண்ணிச் செயல்படும் விவேகி. தெய்வத்தின் சார்பில் பேசுகிறவன் என்ற பொருள் அச்சொல்லுக்கு இயல்பாக இல்லை. மேடையில் ஓர் அரசியல் தலைவரைத் தீர்க்கதரிசி என்று புகழும்போது நாமும் அந்தப் பழைய பொருளைத்தான் ஆளுகிறோம். ஐம்பது ஆண்டுக்குப் பின் வரப்போகும் தேவையை முன்பே உணர்ந்து அணை கட்டினார் என்றுதான் கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

கிறிஸ்தவ வேதமாகிய பைபிளின் மூலமொழிகளிலோ பார்வையைவிட வாய்க்கே முதலிடம். எபிரேயத்தில் பெருவழக்கான சொல் ‘நாபி’. தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் ‘நபி’ என்னும் அரபுச் சொல்லும் இதற்கு உடன்பிறப்பு. நாபியின் வேலை இன்னதென்று பழைய ஏற்பாட்டு நூலாகிய யாத்திராகமம் தெளிவாகவே காட்டுகிறது. மோசே தனக்குப் பேச்சுத்திறன் இல்லை என்று தயங்கியபோது, அவன் அண்ணன் ஆரோன் ‘உனக்கு வாயாக இருப்பான்’ என்று நான்காம் அதிகாரத்தில் சொல்லப்படுகிறது. ஏழாம் அதிகாரத்தில் அதே ஆரோன் ‘உன் தீர்க்கதரிசியாயிருப்பான்’ என்று வருகிறது. இவ்விரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பிறர் தந்த சொல்லைப் பிசகாமல் எடுத்துச் சொல்லும் வாயே தீர்க்கதரிசி என்பது விளங்கிவிடும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய ‘புரோஃபேதேயா’ என்பதன் வேரும் பேசுதலே. ஆயினும் பார்வைக்கு இதில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ‘இந்நாளிலே தீர்க்கதரிசி எனப்படுகிறவன் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் என்னப்படுவான்’ என்று முதலாம் சாமுவேல் 9:9 குறிப்பதால், காண்பவன் என்ற பழைய பெயரும் இஸ்ரவேலில் இருந்திருக்கிறது.

மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தொலைநோக்கு என்னும் பொருள் சொல்லின் உடம்பிலேயே ஒட்டியிருப்பதால், தீர்க்கதரிசனம் என்றதும் வருங்காலம் உரைத்தல் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. அதனால் அதைச் சோதிக்கும்போதும் ‘நடந்ததா, நடக்கவில்லையா’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

அந்தக் கேள்வி வேதத்திலேயே உள்ளதுதான். கர்த்தரின் நாமத்தினாலே சொன்ன காரியம் நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்றும், அவன் அதைத் ‘துணிகரத்தினால்’ சொன்னான் என்றும் உபாகமம் 18:22 கூறுகிறது. அண்மைக்காலத்தில் இந்த அளவுகோல் வெளிப்படையாகப் பயன்பட்ட இடம் அமெரிக்கா. 2020 நவம்பரில் நடந்த தேர்தலில் டிரம்ப் மீண்டும் வெல்வார் என்று அந்நாட்டுக் கிறிஸ்தவப் போதகர்கள் பலர் கர்த்தரின் பெயரால் அறிவித்தார்கள், அவர் தோற்றார். அவர்களுள் ஒருவரான ஜெரமையா ஜான்சன் 2021 ஜனவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வேறு சிலர் தங்கள் வாக்கு பொய்க்கவில்லை என்றே சாதித்தார்கள். அதற்கும் முன்பு, 2011 மே 21 அன்று நியாயத்தீர்ப்பு வரும் என்று வேத வசனங்களைக் கணக்கிட்டு நாள் குறித்த அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங், அந்த நாளை அக்டோபர் 21-க்கு மாற்றி, அதுவும் கடந்துபோன பின் 2012-இல் தம் முயற்சி பாவமானது என்று ஒப்புக்கொண்டார். கேம்பிங் செய்தது கணக்கு. தீர்க்கதரிசனம் என்று அவரே அதை அழைக்கவில்லை என்பதால், அவரைக் கள்ளத்தீர்க்கதரிசிகளின் வரிசையில் வைப்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு.

நிறைவேறாமை பொய்யைக் காட்டிக்கொடுக்கலாம். நிறைவேற்றம் மெய்யை நிறுவிவிடாது. உபாகமம் 13 இதை நேராகவே சொல்கிறது. ஒருவன் சொன்ன அடையாளமும் அற்புதமும் நடந்தேறினாலும், அவன் வேறே தேவர்களைப் பின்பற்றச் சொன்னால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் வரும் பிலிப்பி பட்டணத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பவுலும் அவருடன் வந்தவர்களும் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று அவள் கூவியது முழு உண்மை. இருந்தும் அவளுக்குள் இருந்ததை ‘குறிசொல்ல ஏவுகிற ஆவி’ என்கிறது வேதம். பவுல் அதைக் கடிந்து துரத்தினார். கூட்டத்தில் முன்பின் அறியாத ஒருவரின் பெயரையும் தெருவையும் சரியாகச் சொல்லிவிட்டதாலேயே அது கர்த்தருடைய வாக்கு என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள். மறுபுறம், நாற்பது நாளில் நினிவே பட்டணம் கவிழ்க்கப்படும் என்று தீர்க்கதரிசி யோனா உரைத்தது நடக்கவில்லை. ஊரார் மனந்திரும்பினார்கள் என்பது காரணம். தப்பிப்போன வாக்குகளுக்கெல்லாம் இந்த யோனாவைக் கேடயமாகப் பிடிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. தேர்தலில் தோற்ற வேட்பாளருக்கு நினிவேயின் மனந்திரும்புதல் எப்படிப் பொருந்தும் என்று மட்டும் யாரும் விளக்குவதில்லை.

இனிச் சோதித்தலுக்கான சொற்களுக்கு வருவோம். ‘தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்’ என்பது முதலாம் கொரிந்தியர் 14:29. இன்றைய பேச்சுவழக்கில் நிதானம் என்றால் அவசரப்படாமை. ஆனால் வைத்திய நூல்களில் நிதானம் என்பது நோயின் காரணத்தைக் கண்டு, இன்ன நோய் என்று தீர்மானிப்பது. இந்த வசனத்தில் வேண்டியதும் அந்தப் பொருள்தான். மற்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் போதாது. பகுத்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

முதலாம் தெசலோனிக்கேயர் 5:21-இல் ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து’ என்று வருகிறது. ‘தேவனைச் சோதிக்கலாமா’ என்று சிலர் கேட்பதற்கு இடங்கொடுப்பது இந்தச் சொல்தான். சோதனை என்பது தமிழில் இன்னலையும் குறிக்கும், சந்தேகத்தோடு சீண்டிப் பார்ப்பதையும் குறிக்கும். கிரேக்கத்தில் இங்கே உள்ள ‘தோக்கிமாட்சோ’ என்னும் வினையோ, பொன்னையும் வெள்ளியையும் மாற்றுப் பார்ப்பதற்கு, அதாவது அவற்றின் தூய்மையை அளப்பதற்கு, வழங்கிய சொல். இதற்கு ஈடாகத் தமிழில் ‘உரைத்துப் பார்த்தல்’ என்ற அழகான தொடர் உண்டு. பொற்கொல்லர் நகையைக் கட்டளைக்கல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அந்தக் கோட்டின் நிறத்தைக் கொண்டு மாற்றைச் சொல்லுவார். நகையின் பளபளப்புக்கோ அதைக் கொண்டுவந்தவரின் செல்வாக்குக்கோ அங்கே வேலையில்லை. உரைத்தல் என்பதற்குச் சொல்லுதல் என்றும் தேய்த்தல் என்றும் இரு பொருள் இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு: ஒருவர் உரைத்ததை மற்றவர் உரைத்துப் பார்க்கலாம். உரைகல்லாக இருக்க வேண்டியது வேதம்.

என் பெரியம்மா ஒருவர் இதை எந்த அகராதியும் பார்க்காமல் செய்து வந்தார். கூட்டங்களில் தமக்கோ சபைக்கோ சொல்லப்படும் வாக்குகளை ஒரு கோடுபோட்ட நோட்டில் தேதியோடு எழுதுவார். வலப்பக்கம் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் ‘வசனம்’, மற்றதில் ‘நடந்தது’. வசனப் பத்தி காலியாக இருந்தால் அடுத்த பத்தியை அவர் நிரப்புவதே இல்லை. ‘மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டு வாசல் திறக்கும்’ என்று என் அண்ணனுக்குச் சொல்லப்பட்ட வாக்கு அப்படித்தான் நின்றது. விசா வந்த பிறகும் அவர் அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

தனித்தமிழில் இச்சொல்லுக்கு ‘முன்னறிவிப்பு’ என்று எழுதுவோர் உண்டு. அது வருங்காலத்தை மட்டும் பிடித்துக்கொள்வதால் பழைய கோணலை இன்னும் அழுத்தமாக்குகிறது. ‘அருள்வாக்கு’ என்றால் நம் ஊரில் சாமியாடிகளின் நினைவு வரும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ஆண்டிருக்கும் ‘இறைவாக்கு’, ‘இறைவாக்கினர்’ என்பவையே நாபிக்கு மிக நெருக்கமானவை. பார்வையை விட்டு வாக்கைப் பிடிக்கின்றன. ஆனாலும் எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. ‘எனக்கு ஒரு தீர்க்கதரிசனம்’ என்று தொடங்கும் பேச்சை இறைவாக்கு என்று எழுதிவிட்டால், அது இறைவனுடையது என்ற தீர்ப்பைப் பெயரிலேயே வழங்கிவிடுகிறோம். ஆகவே வேதத்தில் உள்ளதை இறைவாக்கு என்றும், இக்காலத்தில் ஒருவர் கர்த்தரின் பெயரால் சொல்வதை, உரைத்துப் பார்த்து முடியும்வரை, ‘வாக்குரை’ என்றும் எழுதுவதையே நான் விரும்புகிறேன்.